அறுபது மதிப்பெண்ணும் ஒரு பூசணிக்காயும்: கல்வி உதவிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கல்வி உதவிக் குழுவின் தலைவர், செயலர், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன ஞாயிறு ஆராதனையில், அறிவிப்பு நேரத்தில், உங்கள் சுற்றறிக்கையை எங்கள் போதகர் வாசித்தார். வரும் ஜூன் முதல் நம் சபை விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கான உதவித்தொகை, முழு ஆண்டுத் தேர்வில் 60 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு மட்டும்தான். அத்துடன், பெற்றோருக்குச் சபைச் சந்தா பாக்கி இல்லை என்று போதகர் கையெழுத்திட்ட சான்றும் வைக்க வேண்டும். வாசித்துவிட்டு அவர் அடுத்த அறிவிப்புக்குப் போய்விட்டார். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் காதில் ஏறவில்லை. என் வரிசையில் விடுதிப் பிள்ளைகள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் அறுபதுக்குக் கீழே. அவர்களுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஒருத்தி பாட்டுப் புத்தகத்தைத் திறந்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

இதை உங்கள் அலுவலகத்துக்கு வந்து தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் முடிவை எல்லாச் சபைகளிலும் வாசிக்க வைத்தீர்கள். அதனால் பதிலையும் எல்லாரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

நான் உங்களுக்குப் பணம் அனுப்புகிறவள். ஏழு வருடமாக மாதம் 1,500 ரூபாய். நானே இதே விடுதியில் ஸ்பான்சர் காசில் படித்தவள்தான். இப்போது ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. சனிக்கிழமைகளில் விடுதிக்குப் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வாங்கின கையும் கொடுக்கிற கையும் என்னுடையவைதான்.

1992 ஜூனில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து அப்பா என்னைப் பஸ்ஸில் கூட்டிவந்து விட்டார். ஒரு தகரப் பெட்டி, ஒரு கோரைப்பாய், அலுமினியத் தட்டு, டம்ளர். தட்டு மாறிப் போகாமலிருக்க அதன் அடியில் ஆணியால் 37 என்று கீறிக் கொடுத்தார் வார்டன் அக்கா. ஆறாம் வகுப்பு அரையாண்டில் கணக்கில் 23 வாங்கினேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஸ்பான்சருக்கு லெட்டர் எழுத வேண்டும். நாங்கள் தமிழில் எழுதுவோம், அக்கா ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புவார். மார்க்கை எழுதட்டுமா வேண்டாமா என்று கேட்டேன். "எழுது, மறைக்க என்ன இருக்கு?" என்றார். எழுதினேன். அதே காகிதத்தில் தம்பிக்கு இருமல் நிற்கவில்லை என்றும் எழுதியிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பனி மூடிய மரங்கள் போட்ட ஓர் அட்டை. அக்கா வாசித்துச் சொன்னார். ஸ்பான்சர் அம்மா, தம்பிக்கு இருமல் நின்றதா என்று கேட்டிருந்தார். என்னுடைய 23 பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் முகத்தை நான் கடைசிவரை பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். மார்க்குக்காக என்னை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. கணக்கு அதற்குப் பிறகுதான் வர ஆரம்பித்தது. 1997-ல் பத்தாம் வகுப்பில் நான் வாங்கியது 500-க்கு 291. விழுக்காடு போட்டால் 58.2. உங்கள் சுற்றறிக்கை அன்றைக்கு இருந்திருந்தால் நான் பத்தாவதோடு நடவுக்குப் போயிருப்பேன்.

என் கதை பழசு, இப்போதைய பிள்ளைகளைப் பற்றிச் சொல் என்பீர்கள். சொல்கிறேன்.

விடுதியில் ஒரு பையன் இருக்கிறான். பெயர் வேண்டாம். 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியதே, அப்போது அவன் வீட்டுக் கூரையும் போனது, அப்பா கூலிக்குப் போய்க்கொண்டிருந்த தென்னந்தோப்பும் மொத்தமாகச் சாய்ந்தது. விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்துகிற வேலை சில மாதம் இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. அறுவடை முடிந்த வயலில் கிடை போட ஆடு ஓட்டி வரும் ஒருவரிடம் அப்பா முன்பணம் வாங்கினார். முன்பணத்துக்கு ஈடாகப் பையன் ஆட்டோடு போனான். அப்போது அவனுக்குப் பத்து வயது. இரண்டு வருடம் கழித்து அதிகாரிகள் மீட்டு, கோட்டாட்சியர் விடுவிப்புச் சான்று கொடுத்து, அவன் அம்மா கையோடு விடுதிக்குக் கூட்டிவந்தார். அதற்குள் அப்பா இறந்துபோயிருந்தார்.

முதல் சனிக்கிழமை அவனிடம் எத்தனை ஆடு மேய்த்தாய் என்று கேட்டேன். இருநூத்திப் பதினாலு என்றான், யோசிக்காமல். ராத்திரி கிடையில் அடைக்கும்போது ஒன்று குறைந்தாலும் அடி விழுமாம். அதைப் பலகையில் எழுது என்றேன். சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அப்புறம் பெரிய கோடாகப் பத்து போட்டான். பக்கத்தில் சின்னக் கோடாகப் பதினாலு. பெரிய கோடு ஒன்று என்றால் இருபது ஆடு. அந்தக் கோடுகளுக்கு அடியில் நான் 2, 1, 4 என்று எழுதிக் காட்டினேன். அதிலிருந்துதான் அவனுக்குப் பாடம் தொடங்கியது. வரும் ஜூனில் அவன் பத்தாம் வகுப்புக்குப் போகிறான். ஒன்பதாம் வகுப்பு முழு ஆண்டில் அவன் வாங்கியது 47 விழுக்காடு. எழுத்துக்கூட்டத் தெரியாமல் வந்த பிள்ளை நாலு வருடத்தில் எடுத்த 47 அது. அவன் அம்மாவுக்கு மூன்று வருடச் சந்தா பாக்கி.

உங்கள் சுற்றறிக்கையின் இரண்டு விதிகளிலும் அவன் விழுகிறான். விழுந்தால் எங்கே போவான் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த மண்ணில் மார்க்கும் தண்ணீரும் ஒன்றாகத்தான் ஏறி இறங்குகின்றன. 2012 முதல் 2019 வரை ஒரு வருடம்கூட மேட்டூர் அணை, பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ல் திறக்கவில்லை. குறுவை இல்லையென்றால் நடவு இல்லை. நடவு இல்லையென்றால் அம்மா, அப்பா திருப்பூருக்கோ கேரளாவுக்கோ போக வேண்டும். 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசே அறிவித்தது. அந்த வருடங்களின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்குப் போன பிள்ளைகள் பிப்ரவரி பாதியில் திரும்பி வந்திருப்பார்கள், சிலர் வந்தே இருக்க மாட்டார்கள். கஜாவுக்குப் பிறகு விடுதிக் கூடத்தில் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து அரையாண்டுக்குப் படித்தவர்களில் எத்தனை பேர் அறுபது எடுத்தார்கள்? எனக்குத் தெரிந்து இரண்டு பேர். தேவை அதிகமான வருடத்தில்தான் மார்க் குறையும். உங்கள் விதியோ சரியாக அந்த வருடத்தில்தான் கையை விடும்.

கொடுப்பவர்கள் பலன் தெரிய வேண்டும் என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். யார் கேட்டார்கள்? என்னிடம் யாரும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து பணம் கட்டுகிற மூன்று பேரிடம் பேசினேன். ஒருவர் ஓய்வுபெற்ற நர்ஸ், ஒருவர் மன்னார்குடியில் மளிகைக் கடை வைத்திருக்கிறார், ஒருவர் என்னோடு விடுதியில் படித்தவர். மூவரும் கேட்டது ஒரே கேள்வி: "பிள்ளை சாப்பிடுதா, பள்ளிக்கூடம் போகுதா?" மதிப்பெண் பட்டியலோடு பிள்ளையின் புகைப்படத்தையும் சேர்த்து அனுப்பப் போவதாக இன்னொரு வரி இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எனக்கு அப்படி ஒரு படம் வேண்டாம்.

இரண்டாவதாக, அரசு இப்போது எல்லாம் தருகிறது, எனவே நம் பணத்தைத் தகுதியானவர்களுக்கு ஒதுக்கலாம் என்கிறீர்கள். அரசு தருவதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், தினமும் கண்ணால் பார்க்கிறேன். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலைச் சிற்றுண்டி, 2024 ஜூலையில் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் பிள்ளைகள் அதில் உடம்பு தேறியதையும் பார்த்தேன். ஆனால் அது ஐந்தாம் வகுப்பு வரைதான். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் 1,000 ரூபாய் பன்னிரண்டாவது முடித்து மேலே படிக்கப் போனால்தான். விடுதிப் பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள், ஆறிலிருந்து பன்னிரண்டு வரை. பத்தாவது வரை பள்ளி நாளில் மத்தியானச் சாப்பாடு உண்டு, புத்தகம் எல்லாருக்கும் உண்டு. காலையும் ராத்திரியும் என்ன சாப்பிடுவது? ஞாயிற்றுக்கிழமை? சோப்பு, தேங்காய் எண்ணெய், செருப்பு, பெண் பிள்ளைகளுக்கு மாதாமாதம் நாப்கின், லீவுக்கு ஊர் போய் வர பஸ் காசு, காய்ச்சல் வந்தால் ஆட்டோ. ஸ்பான்சர் பணம் இதற்குத்தான் போகிறது. இதில் எதற்கு அறுபது மார்க் தேவை?

அரசு விடுதி இருக்கிறதே என்றால், இருக்கிறது, நல்ல விடுதிகளும் உண்டு. ஆனால் இந்தத் தாய்மார்கள் நம்மிடம் விடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பிள்ளை ராத்திரி ஜெபம் பண்ணிவிட்டுப் படுக்கும், ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடும், தப்பு செய்தால் அடிக்காமல் கேட்பார்கள் என்று நம்பி விடுகிறார்கள். கிறிஸ்தவக் கல்வி என்று நாம் பலகையில் எழுதி வைத்திருப்பதை அவர்கள் அப்படியே நம்பியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தனியார் பள்ளிகள் 25 விழுக்காடு இடத்தை நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்ற கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு, 2014-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாமல் போனது. நம் ஆங்கிலப் பள்ளிகள் அந்த விலக்கில் இருக்கின்றன. சட்டம் நம்மைக் கேட்காத இடத்தில் நாமாகச் செய்வது அதிகமாக இருக்கத்தானே வேண்டும்?

நிதி குறைந்துவிட்டது என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்ப அரசின் முன் அனுமதி தனக்குக் கட்டாயம் என்று ஆன பிறகு, 2017 மார்ச்சில் கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் இந்தியாவில் பணியை முடித்துக்கொண்டது. நாடு முழுக்கச் சுமார் 1,45,000 பிள்ளைகள் அதன் உதவியில் இருந்தார்கள். எங்கள் விடுதி அதில் சேர்ந்ததில்லை, ஆனாலும் அடுத்தது நாம்தான் என்று வார்டன் அன்றைக்கே சொன்னார். 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஓர் அமைப்பு வாங்கிய பணத்தை இன்னொன்றுக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்றானது. பெரிய அமைப்பு வழியாகப் பங்கு வாங்கிக்கொண்டிருந்த சின்ன விடுதிகளுக்கு அதோடு வழி அடைபட்டது.

அந்த நாளில் நீங்கள் செய்தது பெரிய காரியம். சபை சபையாகப் போய் உள்ளூரிலேயே நிதி திரட்டினீர்கள். விளைந்ததை ஆலயத்துக்குக் கொண்டுவந்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகை ஏலப் பணத்தில் ஒரு பங்கு இதற்கு என்று தீர்மானம் போட்டீர்கள். நானும் கை தட்டினேன். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் சபை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் 2,000 ரூபாய்க்குப் போனது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். வாங்கியவர் அதைத் திரும்பவும் ஆலயத்துக்கே கொடுத்தார், மறுபடி ஏலம் போட்டார்கள். அந்தப் பூசணிக்காயைக் கொண்டுவந்து வைத்தது யார் தெரியுமா? ஆடு மேய்த்த அந்தப் பையனின் அம்மா. அவர் வீட்டுக் கூரைமேல் படர்ந்த கொடியில் முதல் காய். காம்பில் மஞ்சள் தடவி, ஈரத் துணியால் துடைத்து, இடுப்பில் சுமந்துகொண்டு நாலு கிலோமீட்டர் நடந்து வந்தார். சந்தா ரசீது புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை. பூசணிக்காய்க்கு யாரும் ரசீது போடவில்லை.

சந்தாவை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போதகர் சம்பளம், ஆலயப் பராமரிப்பு எல்லாம் அதில்தான் நடக்கிறது. ஆனால் அதைப் பிள்ளையின் சோற்றோடு கட்டிவைக்கலாமா? பாக்கி வைத்திருப்பவர்கள் யார் என்று ரசீது புத்தகமே சொல்லும். விதவைகள், குடிகாரப் புருஷனோடு மல்லுக்கட்டுகிறவர்கள், ஊரை விட்டுப் பிழைக்கப் போனவர்கள். சான்று கேட்டால் அவர்கள் வட்டிக்கு வாங்கிக் கட்டுவார்கள், இல்லையென்றால் வெட்கப்பட்டு ஆலயத்துக்கே வராமல் போவார்கள். போதகர் கதியை நினைத்துப் பாருங்கள். பிள்ளை படிப்பா, ரசீதா என்று ஒரு தாய் அவர் முன்னால் வந்து நிற்கும்போது அவர் பேனாவை எடுப்பாரா, வைப்பாரா?

நாம் எங்கிருந்து வந்தோம் என்று பாருங்கள். 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய ஜெர்மானிய மிஷனெரிகள் சீகன்பால்கு ஐயரும் புளுட்சோ ஐயரும் அடுத்த ஆண்டே தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். பிள்ளைகளுக்குப் பாடத்தோடு சோறும் துணியும் கொடுத்தார்கள். செலவுக்கு டென்மார்க் அரசர் கொடுத்தார், ஜெர்மனியில் ஹாலேயிலும் லண்டனிலும் இருந்த, இந்தக் கரையைப் பார்த்தே இராத மனிதர்களும் கொடுத்தார்கள். இங்கிருந்து போன கடிதங்களை ஹாலேயில் அச்சிட்டு அவர்களுக்குப் படிக்கக் கொடுத்தார்கள். நான் கிறிஸ்துமஸுக்கு எழுதின லெட்டருக்கு வேர் அங்கே இருக்கிறது. பின்னால் ஷ்வார்ட்ஸ் ஐயர் 1785 வாக்கில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஒரு சிறுவனைத் தஞ்சாவூருக்குக் கூட்டிவந்து தன்னிடம் வைத்துப் படிக்க வைத்தார். அவர்தான் வேதநாயகம் சாஸ்திரியார். அரண்மனைப் பிள்ளை சரபோஜியும் அதே ஐயரிடம் படித்தவர். சாஸ்திரியார் பாட்டை இன்றைக்கும் பாடுகிறோம். வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு முதலில் இருக்க இடம் கொடுத்தார்கள், பாட்டெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

யாக்கோபு நிருபத்தில், திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிக்கிறது என்று ஒரு சொல் வருகிறது. விசாரிப்பது என்றால் நம் ஊரில் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்து கேட்பது. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் மதிப்பெண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது, ரசீது எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன நடந்தது என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை.

நான் கேட்பது இவைதான். 60 விழுக்காடு விதியை மே மாதக் கூட்டத்திலேயே திரும்பப் பெறுங்கள். இப்போது விடுதியில் இருக்கிற பிள்ளை எதுவும் படிப்பை முடிக்கும் முன் பணத்தைக் காரணம் காட்டி வீட்டுக்கு அனுப்பப்படாது என்று எழுத்தில் கொடுங்கள், அதையும் ஆலயத்தில் வாசியுங்கள்; சுற்றறிக்கையைக் கேட்ட அதே பிள்ளைகள் காதில் அது விழ வேண்டும். மார்க் குறைந்த பிள்ளைக்குத் தொகையை நிறுத்துவதற்குப் பதிலாக, வாரம் இரண்டு நாள் மாலையில் ஓர் ஆசிரியரை அனுப்புங்கள். எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஐந்து பேரை நானே கேட்டுக் கொண்டுவருகிறேன்.

சந்தாச் சான்றை முழுக்க எடுத்துவிடுங்கள். பாதியாகக் குறைக்கிறோம், தவணையில் கட்டட்டும் என்கிற சமரசம் வேண்டாம். அந்தக் கட்டம் இருந்த இடத்தில், குழுவில் ஒருவரும் சபையில் ஒரு பெண்ணும் சேர்ந்து வீட்டுக்குப் போய்ப் பார்த்து எழுதுகிற ஒரு பக்கத்தை வையுங்கள்.

குழுவில் பதினொரு பேர் இருக்கிறீர்கள். விடுதியில் இருந்து படித்தவர் ஒருவரும் இல்லை. குறைந்தது இரண்டு பேரைச் சேருங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வருடா வருடம் எவ்வளவு வந்தது, எத்தனை பிள்ளைகளுக்கு எவ்வளவு போனது, விடுதி வாரியாகக் கணக்கை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பற்றாக்குறை இருந்தால் எத்தனை பிள்ளைக்கு, மாதம் எத்தனை ரூபாய் என்று எங்களிடம் சொல்லுங்கள். என் பங்கை ஜூன் முதல் 2,000 ஆக்குகிறேன். நான் பேசிய மூன்று பேரும் கூட்டித் தரத் தயாராக இருக்கிறார்கள்.

ஜூன் முதல் வாரத்துக்குள் பதில் வராவிட்டால், என் பணத்தை உங்கள் கணக்கில் கட்டாமல் விடுதி வார்டன் கையில் கொடுத்து, 47 எடுத்த பையனின் பெயரில் ரசீது வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
தட்டு எண் 37